ஒன்றுவிட்ட இலை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்லாத ஆள் எங்கள் உறவில் இல்லை. அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. மொன்றியல் விமான நிலையத்தில் இரண்டரை வருடத்துக்குப் பிறகு என் கணவரைக் கண்டபோதுகூட எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்தான். தடுப்புக்கு அப்பால் நின்றவரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் இருந்து "இஞ்சை, நான்தான்" என்று குரல் கேட்டுத் திரும்பினால், ஒரு பெரிய குளிர்ச்சட்டை நிற்கிறது. அதற்குள் எங்கேயோ இவர் இருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இவர் அகதியாக முதலில் வந்து, வழக்கு விசாரணை எல்லாம் முடித்து, பிறகு என்னைக் கூப்பிட்டவர். போகும்போது வாட்டசாட்டமாகத்தான் போனார். இப்போது இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் வரிசையாக இருந்தன. பார்க் எக்ஸ்டென்ஷனில் எடுத்திருந்த வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை எடுத்து அடுப்படிக்குள் போனேன். இரண்டு மாதத்தில் ஆளைத் தேற்றிவிடுவேன் என்று எனக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

தேறவில்லை. நண்டுக் குழம்பு வைத்தேன், ஒடியல் கூழ் காய்ச்சினேன், இடியப்பம் அவித்துச் சொதி வைத்தேன். மனிசன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருப்பார். இரண்டு வாய் வைப்பார். பிறகு விரல்கள் சோற்றுக்குள் சும்மா அளைந்துகொண்டு இருக்கும். கடைசியில் எனக்குத் தெரியாமல் கோப்பையை மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டுமாகப் போய்ப் படுத்துவிடுவார். நான் சும்மா இருப்பேனா? என்ர சமையல் அவ்வளவு கேவலமா, இந்த ஊரில் வேறு எங்காவது கை ருசி கண்டுவிட்டீர்களா என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விஷயத்தைச் சொன்னார். வந்த நாளில் இருந்து இரண்டு வருடம் ஒரு உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவியிருக்கிறார். மேலே சாப்பிட்டவர்களின் கோப்பைகள் ஒரு சின்னத் தூக்கியில் கீழே இறங்கி வரும். கடித்த இறைச்சி, உறைந்த குழம்பு, எச்சில் பாண் துண்டு, சில நேரம் அதற்குள் அணைத்த சிகரெட். எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் வழிக்கவேண்டும். அதன் மேல் சுடுதண்ணீர் ஆவி. நாள் ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். அந்த வேலையை விட்டு உடுப்புத் தொழிற்சாலைக்கு மாறியும் அந்த மணம் மூக்கை விட்டுப் போகவில்லை.

"உம்மட சமையலில குற்றம் இல்லை. சாப்பாட்டைக் கண்டால் எனக்கு வாளிதான் தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. பயம் வந்துவிட்டது. ஆமியின் செல்லடிக்குத் தப்பி, எத்தனையோ எல்லை தாண்டி வந்த மனிசன், நிறையச் சாப்பாடு கிடக்கிற தேசத்தில் பட்டினியால் உருகிப் போகிறாரே என்று கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். கிளினிக்கில் இருந்த டாக்டர் நல்லவர். எங்கள் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டார். வெள்ளைக் கூழ் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து வயிற்றைப் படம் பிடித்தார்கள். இரத்தம் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, ஒன்றும் இல்லை. பசி தானாகத் திரும்பி வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். அவசரப்படாமல் இருப்பதற்கு நான் பிறக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனிசன் ஒரு நாளாவது தானாக வந்து பசிக்கிறது என்று சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் வாய்க்கு ஒன்றும் பிடிக்காதவர்களுக்குக் கசப்பைத்தான் கொடுப்பார்கள். வேப்பம்பூ வடகம் பொரித்துக் கொடுத்தேன். அதை மட்டும் கொஞ்சம் விரும்பிக் கடித்தார். ஊரில் இருந்து வந்த ஒரு கடதாசிச் சரை வடகமும் ஒரு மாதத்தில் முடிந்தது. நிலவேம்பு கிடைத்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டே ஜான்-டலோன் சந்தையில் வேலைக்குப் போய்வந்தேன். இத்தாலிக்காரர் ஒருவரின் மரக்கறிக் கடை. தக்காளி அடுக்குவது, கோவாவின் வெளி இலை உரிப்பது, மாலையில் தரை கூட்டுவது என் வேலைகள்.

இரண்டு கடை தள்ளி ஒரு மூலிகைக்காரி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய தலைமயிர், எந்நேரமும் மஞ்சள் கறை பிடித்த விரல்கள். கடை முழுக்கக் கண்ணாடிப் போத்தல்களும் தகர டப்பாக்களும். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவள், ஒருவனை நம்பி இந்த ஊருக்கு வந்து, அவன் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள் என்பதெல்லாம் பேந்து, பழகிய பிறகுதான் தெரியும். ஒரு நாள் மத்தியானம் துணிந்து அவளிடம் போனேன். கசப்பு என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. வகுப்புக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமைதான். ஆகவே நாக்கை நீட்டித் தொட்டுக்காட்டி, முகத்தைச் சுளித்தேன். அவள் பல்வலிக்குக் கராம்புத் தைலம் எடுத்துத் தந்தாள். இல்லை என்று தலையாட்டி இன்னும் பலமாகச் சுளித்தேன். தொண்டைப் புண்ணுக்கு ஏதோ இலை எடுத்தாள். மூன்றாவது தரம் நான் உடம்பையே முறுக்கிக் காட்டியதும் அவளுக்குப் பிடிபட்டது. மேல் தட்டில் இருந்து ஒரு போத்தலை இறக்கி, மண்ணிறமாகச் சுருங்கிக் கிடந்த வேர்த் துண்டில் நகமளவு கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

வாயில் போட்டேன். முதலில் இலேசாக ஒரு இனிப்பு. இதுதானா பெரிய மருந்து என்று நினைப்பதற்குள் பிடித்தது பாருங்கள் ஒரு கசப்பு. நாக்கின் அடி, தொண்டை, காது மடல் வரைக்கும் கசந்தது. நிலவேம்பை இதற்குப் பக்கத்தில் வைத்தால் அது பாயாசம். கண்ணால் தண்ணீர் கொட்டியது. என் கோலத்தைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தபடி சொன்னாள், "சே தா மேர்."

எனக்கு ஏறிவிட்டது. முந்தின நாள்தான் வகுப்பில் குடும்பப் பாடம். படத்தில் ஒரு பெண்ணைக் காட்டி, இது உன்னுடைய அம்மாவா என்று கேட்பார்கள். சே தா மேர். இது உன்னுடைய அம்மா. எங்கள் ஊரில் சண்டையின்போது ஒருவரின் தாயை வாய்க்குள் இழுத்தால் அதற்குப் பிறகு கதை இல்லை, கைதான். கடல் தாண்டிக் கிடக்கிற என் அம்மாவை இந்தப் பொம்பிளை ஏன் இழுக்கிறாள்? நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உன்ர கொம்மா என்று தமிழில் ஒன்று கொடுத்தேன். அது அவளுக்கு விளங்காது என்று உறைத்ததும் பிரெஞ்சிலும் திருப்பிக் கொடுத்தேன். "நோன். சே தா மேர்." உன்ர அம்மாதான்.

அவள் மகிழ்ச்சியாகத் தலையாட்டினாள். ஓம், ஓம், சே தா மேர் என்று இன்னும் சிரித்தாள். நான் திரும்பவும் சொன்னேன். அவளும் திரும்பவும் ஒத்துக்கொண்டாள். என் குரல் ஏற ஏற, இத்தாலிக்காரர் ஓடிவந்தார். இரண்டு பேரும் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வெங்காயச் சாக்கின் மேல் இருந்து சிரிக்கத் தொடங்கியவர், பேச முடியாமல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவர்தான் ஒரு மண்ணிறக் காகிதப் பையில் நான்கே எழுத்தில் அந்தச் சொல்லை எழுதி, வேர்த்துண்டையும் சொல்லையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். அமேர். கசப்பு. "இது கசப்பு" என்று அவர்கள் சேர்த்துச் சொன்னால், "இது உன் அம்மா" என்பது மாதிரியே காதில் விழுமாம். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

அடுத்த நாள் பருப்பு வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் நின்ற நிலையில் நான்கைச் சாப்பிட்டாள். அப்படித்தான் இந்த ஊரில் எனக்கு முதல் சிநேகிதி கிடைத்தாள். கோபத்தால் நான் இழந்த ஆட்கள் பலர். கோபத்தால் கிடைத்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வேரின் பெயர் ஜான்சியான். ஆங்கிலத்தில் ஜென்ஷன் என்பார்கள். அதில் நீலப்பூப் பூக்கிறதும் உண்டு, மருந்து வேர் பெரும்பாலும் மஞ்சள் பூப் பூக்கிறதன் வேர். யாருக்கு வேண்டும் என்று அவள் கேட்டபோது இவருடைய கதையைச் சைகையும் சொல்லுமாகச் சொன்னேன். உடனே எடுத்துத் தரவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா, வயிற்றில் புண் இருக்கிறதா, இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று விசாரித்தாள். புண் உள்ளவன் இதைத் தொடக்கூடாதாம். கிளினிக்கில் படம் பிடித்த கதையைச் சொன்ன பிறகுதான் செடியின் படமும் கடையின் தொலைபேசி இலக்கமும் ஒட்டிய ஒரு சின்னப் பொட்டலம் கட்டினாள். என்னிடம் வாயும் வயிறுமாக இருக்கிறாயா என்று கேட்டு, அப்படியென்றால் நீ குடிக்காதே என்றும் சொன்னாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நான் என்ன செய்தேன்? எங்கள் முறைப்படி எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சினேன். எட்டுச் சுண்டுத் தண்ணீர் ஒரு சுண்டாக வற்றும்வரை அடுப்பில் வைத்தால்தானே அது கசாயம்? பொட்டலம் முழுவதையும் போட்டேன். பிறகு மனிசன் பாவம் என்று நான்கு கரண்டி சீனியும் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இழுக்கச் சொன்னேன். இழுத்தார். ஒரு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு முழுவதையும் வெளியே எடுத்தார். "ஆமிக்காரனே பரவாயில்லை" என்று கழுவு தொட்டியைப் பிடித்தபடி சொன்னார்.

மூலிகைக்காரியிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. ஒரு மாதத்துக்குக் கட்டிய பொட்டலமாம் அது. கோபிக்காமல் என்னை ஒரு பெட்டியின் மேல் இருத்தி, முதலில் இருந்து சொல்லித் தந்தாள். இது உடம்புக்குள் போய் வேலை செய்கிற மருந்து என்பதைவிட, நாக்கில் வேலை செய்கிற மருந்து. நாக்குக் கசப்பை அறிந்ததும் வாய் ஊறும். வாய் ஊறினால் வயிறு விழிக்கும். சீனி போட்டு ஏமாற்றினால் நாக்குக்குத் தகவல் போகாது. ஒரே மடக்கில் விழுங்கினாலும் போகாது. ஒரு சிட்டிகை வேரைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாக, இரண்டு மிடறு, வாயில் வைத்திருந்து விழுங்கவேண்டும். அவ்வளவுதான். எங்கள் வைத்தியத்தில் கசப்பைத் தாண்டினால் குணம். அவளுடைய வைத்தியத்தில் கசப்பே குணம். எனக்கு அது விளங்க நாள் எடுத்தது.

குளிர்காலம் முழுவதும் அப்படிச் செய்தோம். மனிசன் முகத்தைக் கோணிக்கொண்டு அந்த மஞ்சள் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்று பனியைப் பார்ப்பார். இரண்டு வாய் நான்கு வாயானது. நான்கு அரைக் கோப்பையானது. பனி உருகும் காலத்தில் முகத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது, பட்டியில் ஒரு ஓட்டை பின்னுக்கு வந்தது. கடவுளே, உனக்குப் புண்ணியம் என்று சாமிப்படத்துக்கும் கும்பிட்டேன், மூலிகைக்காரிக்கும் வடை கொண்டுபோனேன். ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், கடமைக்கு. எனக்காக. பசிக்கிறது என்று அவர் வாயால் வரவே இல்லை.

மத்தியான இடைவேளைகளில் அவள் அந்தச் செடியைப் பற்றிச் சொல்லுவாள். பிரெஞ்சு நான் படித்ததே பாதி அவளிடமும் பாதி அந்தச் செடியிடமும்தான். உயர மலைப் புல்வெளிகளில் அவளுடைய முகநாடி உயரத்துக்கு நிற்குமாம். அடுக்குத் தீபம் மாதிரிப் பூ தட்டுத் தட்டாகச் சுற்றி வருமாம். விதை விழுந்து முதல் பூப் பூக்கப் பத்து வருடம் போலாகும். பிறகு ஒரு மனித ஆயுள்வரைகூட நிற்கும். வேர் கை மொத்தத்தில் கல்லுக்குள் இறங்கியிருக்கும், இரட்டைக் கொம்பு இரும்பால் இரண்டு பேர் தொங்கித்தான் கிளப்பவேண்டும். ஒரு இடத்தில் எல்லாவற்றையும் கிளப்பாமல் சிலதை விட்டுவிட்டு வரவேண்டும். உள்ளே வெள்ளையாக இருக்கிற வேர் மெதுவாகக் காயும்போதுதான் மஞ்சளாகி மணம் பிடிக்கும். பத்து வருடம் பூக்காமல் பொறுத்திருக்கிற செடி என்றதும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் பத்து நிமிடம் பொறுக்கமாட்டேன்.

யூன் மாதம் தொடங்கியதும், கடை பூட்டியிருந்த ஒரு நாளில் எங்கள் இரண்டு பேரையும் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மலைச் செடிகளுக்கென்று கல் அடுக்கி ஒரு பகுதி இருந்தது. அங்கே நின்றது அது, பூ இன்னும் வரவில்லை. நீலம் கலந்த பச்சையில் பெரிய இலைகள், இலை நீளத்துக்கு உழுத மாதிரி நரம்புகள். இவ்வளவு நாளும் குடித்த செடியை நேரில் கண்டதும் இவர் ஒரு அதிகாரியைக் கண்டதுபோல் தொப்பியைக் கழற்றினார்.

பூ இல்லாத நேரம்தான் ஆபத்து என்றாள் மூலிகைக்காரி. அவளுடைய மலையில் இதற்குப் பக்கத்திலேயே வேறொரு செடி வளருமாம். அதே உயரம், அதே பெரிய இலை, அதே உழுத நரம்பு. அதுவும் கசக்கும். ஆனால் அது நஞ்சு, இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பிரித்தறிய ஒரே வழி இலை நிற்கிற விதம். அவள் இரண்டு கைகளையும் ஒன்றை ஒன்று பார்க்கிறபடி பிடித்துக் காட்டினாள். இது ஜான்சியான், இலைகள் இரண்டிரண்டாக முகம் பார்த்து நிற்கும். பிறகு ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக் காட்டினாள். இது மற்றது. இந்தக் கண்டத்திலும் அதற்கு ஒரு தங்கை இருக்கிறது, ஈர நிலத்தில் வளரும் என்றாள்.

உயர்தரப் பரீட்சையில் தாவரவியலில் இரண்டு முறை கோட்டைவிட்டவள் நான். ஆனாலும் பாடப்புத்தகச் சொல் திடீரென்று வந்து வாயில் விழுந்தது. எதிரொழுங்கு, ஒன்றுவிட்ட ஒழுங்கு என்று இவருக்குச் சொன்னேன். ஒன்றுவிட்ட தம்பி கேள்விப்பட்டிருக்கிறேன், ஒன்றுவிட்ட இலையும் இருக்கோ என்று இவர் பகிடி பண்ணினார். அவளுக்கு அதை மொழிபெயர்க்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு அண்ணை இருந்தார். திருகோணமலைக்காரர். இவர் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தன் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்தபோது தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். இவர் உயிரோடு இருப்பதற்கே அவர்தான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். கோடைகாலச் சனி, ஞாயிறுகளில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நகரத்துக்கு வெளியே பண்ணை வேலைக்கு விடுவார்கள். அண்ணை போவார். பூங்காவுக்குப் போய்வந்து இரண்டாவது கிழமை, ஞாயிறு மத்தியானம் நான் சந்தையில் இருந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணை வழக்கத்துக்கு மாறாக வேளைக்கே வந்திருந்தார். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டு இருந்தது. இவர் மேசையில் இருந்தார், கையில் ஆவி பறக்கிற கோப்பை. ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணையின் முகம் பூரித்திருந்தது. பண்ணை ஓரத்து நீரோடையில் அந்தச் செடி காடாக நிற்கிறதாம். பொட்டலத்தில் ஒட்டியிருந்த படத்தில் கண்ட அதே இலையாம். ஒரு துண்டு வேரை மென்று பார்த்தாராம், அதே கசப்பாம்.

"காய்ஞ்ச சருகைக் குடிச்சு எப்ப தேறுறது தங்கச்சி? இது பச்சை வேர். எட்டுக்கொண்டாக் காய்ச்சியிருக்கிறன். பாரும், மென்ற நாக்கு இன்னும் விறைச்சுப் போய்க் கிடக்கு. அவ்வளவு வீரியம்."

கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கடதாசியில் தண்டும் இலையும் கிடந்தன. பெரிய இலை, உழுத நரம்பு. நான் தண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு இலை இந்தப் பக்கம். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. கொஞ்சம் மேலே போய் மற்றப் பக்கம் ஒன்று. அதற்கும் எதிரே ஒன்றும் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறிப்போயிருந்தது.

திரும்பிப் பார்த்தால் கோப்பை இவருடைய உதட்டில். நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது, கத்தியதாகத்தான் கீழ் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். கையோடு அடித்த அடியில் கோப்பை சுவரில் போய் உடைந்தது. "உனக்கென்ன விசரே" என்று இவர் எழும்பினார். உதட்டைக் கழுவுங்கோ, வாயைக் கொப்பளியுங்கோ என்று தலையைப் பிடித்துக் குழாயடியில் அமுக்கினேன். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று மூன்று தரம் சத்தியம் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் அண்ணையைப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வான் வண்டியில் வரும்போது வயிற்றைப் பிரட்டி இரண்டு தரம் சத்தி எடுத்ததை, வெயில் குணம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

பொட்டலத்தில் மூலிகைக்காரியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. கைச்சைகை உதவாத இடம் தொலைபேசி. இருக்கிற பிரெஞ்சை எல்லாம் கூட்டி அள்ளினேன். செடி, பண்ணை, ஈர நிலம், நண்பர் தின்றார், இலை முகம் பார்க்கவில்லை, முகம் பார்க்கவில்லை. அவள் இரண்டே சொல் சொன்னாள்: ஒப்பித்தால், மாந்த்னான். ஆஸ்பத்திரி, இப்போதே. செடியையும் கையில் கொண்டுவா என்றாள்.

டாக்ஸியில் போய் இறங்கும்போது அண்ணைக்குக் கால் நிற்கவில்லை. எங்களுக்கு முன்னால் அவள் அங்கே நின்றாள், கடையை அப்படியே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய துணியோடு. தண்டை என் கையில் இருந்து வாங்கி டாக்டர்களிடம் காட்டிப் பேசினாள். எனக்கு வராத எல்லாச் சொற்களும் அவளுக்கு வந்தன. அண்ணையின் இதயம் மிக மெதுவாக அடிக்கிறது என்று வயர் எல்லாம் பூட்டி உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். இவர் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

நான்கு மணி நேரம் போலிருக்கும். டாக்டர் வந்து, அடிப்பு ஏறிவிட்டது, ஆபத்து இல்லை, நாளைக்குக் காலை வீட்டுக்குப் போகலாம் என்றார். மென்றது ஒரு சின்னத் துண்டு என்பதால் தப்பினார், அந்தக் கோப்பையை உங்கள் கணவர் குடித்திருந்தால் என்னால் இப்படி வந்து சொல்ல முடியாமல் போயிருக்கும் என்றும் சொன்னார். உள்ளே போனால் அண்ணை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அவர் அழுவது முதுகில் தெரிந்தது. "என்ர கையால குடுத்திருப்பனே" என்றார். இவர் கட்டில் விளிம்பில் இருந்து, அண்ணையின் காலைப் பிடித்துவிட்டபடி, நீங்கள் தந்த சப்பாத்து இன்னும் என்னிடம் இருக்கு என்று மட்டும் சொன்னார்.

மூலிகைக்காரியிடம் நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே சொல் மெர்சி. அதைச் சொன்னேன், போதவில்லை. திரும்பவும் சொன்னேன், போதவில்லை. கடைசியில் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளுக்கு அது என்ன வழக்கம் என்று தெரியாது, ஆனால் கையை இழுக்கவில்லை. நீதானே இலையைப் பார்த்தாய் என்றாள். இந்த நாட்டில் எத்தனையோ பேர் எங்களுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். யாருக்கு நன்றி சொல்லத் தொடங்கினாலும் எனக்கு முதலில் வருவது அந்த மஞ்சள் விரல்கள்தான்.

வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம். யூன் மாதத்தில் இங்கே சூரியன் போக மனமில்லாமல் நிற்கும். பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். நான் அந்தச் சட்டியை அப்படியே பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய் எறிந்தேன். உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன், சுவரைக் கழுவினேன், அடுப்பைத் தேய்த்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

எனக்குக் கேட்டது. ஆனாலும் திரும்பாமல், என்ன சொன்னீங்கள் என்று கேட்டேன்.

"பசிக்குது எண்டு சொன்னனான். சோறு இருக்கே?"

குளிர்காலம் முழுக்கக் குடித்த வேரின் வேலையா, சாவைக் கண்டு வந்த பயத்தின் வேலையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மூலிகைக்காரியைக் கேட்டால் அவளும் தெரியாது என்றாள். காலையில் ஆக்கிய சோறு இருந்தது, மீன் குழம்பும் கீரையும் இருந்தன. சூடாக்கக்கூட அவர் விடவில்லை. போட்டுக் கொடுத்தேன். மேசைக்குப் போகாமல் அடுப்படியிலேயே நின்று, குனிந்து, குழைத்து, அள்ளிச் சாப்பிட்டார். மீன்முள்ளைக் கையால் எடுத்துவிட்டுச் சாப்பிட்டார். அகப்பையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கோப்பையை விரலால் வழித்துவிட்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், அதை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்."